உரிமதாரர் உடனிருக்கும் வரை

காரைக்காலிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் அரை மணி நேரத்தில் வேறு மாநிலம் வந்துவிடும். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். மேற்கே அம்பகரத்தூரோடு எங்கள் ஊர் முடிந்துவிடும். வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. கிழக்கே கடல். இங்கே யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. மீன் வாங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் தினமும் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறார்கள். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று அடிக்கு அடி தெரியும். என் முதல் உரிமத்தில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள் மட்டும் செல்லும் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் புதுச்சேரிக்கே துப்பாக்கியோடு போக முடியாது. நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தமிழ்நாடு கிடக்கிறது.

நெரவி கொம்யூன் பஞ்சாயத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது குப்புறப் படுத்து ரைபிள் சுடப் பழகினேன். அப்போது விட்ட ஆசை நாற்பது வயதுக்கு மேல் திரும்ப வந்தது. சொந்தமாக ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள் வாங்கினேன். ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையைச் சுடும் போட்டிக்கான துப்பாக்கி அது. மாதா படம் இருக்கிற அறையில் அதை வைக்கக் கூடாது என்று மட்டும் என் மனைவி சொன்னாள்.

ஆனால் சுடுவதற்கு இடம் இல்லை. ஐம்பது மீட்டர் சுடுதளம் எங்கள் ஊரில் கிடையாது. பயிற்சிக்கும் போட்டிக்கும் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு உரிமத்தின் எல்லையை நீட்டித்து வாங்க வேண்டும். அந்த மனுவைக் கொடுத்துவிட்டு ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுதப் பிரிவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஏழு மாதம் உட்கார்ந்து எழுந்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். சின்னதாக வெட்டிய தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மடியில் என்னுடையதைப் போலவே ஒரு கோப்பு.

"நீங்களும் எல்லை நீட்டிப்புக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஏழு மாசமா அலையறேன்."

"நான் பத்து மாசம். நீங்க இப்பதான் சேந்திருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

சவூதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவரும் என்.சி.சி.யில் சுட்டவர்தான். கிடங்கின் குளிரில் நின்றுகொண்டு, ஊருக்குப் போனால் ஒரு ரைபிள் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்ததாக ஒரு தடவை சொன்னார். அவருக்கு மனைவி, ஒரே மகள். மகள் படித்து முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். நான் அவரை ஊர் வழக்கப்படி பாய் என்று கூப்பிட்டேன். அவர் என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டார். கடைசிவரை இருவரும் நீங்க, வாங்கதான்.

எங்கள் இருவருக்கும் எல்லை நீட்டிப்பு ஒரே வாரத்தில் கிடைத்தது. அதன் பிறகு ஆறேழு போட்டிகளுக்குச் சேர்ந்தே போனோம். இதை நட்பு என்று சொல்லிக்கொள்வதற்கு முன்னால் ஓர் அவசியம் இருந்தது. துப்பாக்கியோடு பயணம் போகிறவன் அதைவிட்டு நகரக் கூடாது. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றித் தனிப் பையில் வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறொரு பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். உரிமமும் போட்டிக்கான அழைப்புக் கடிதமும் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் தனி ஆளாகச் செய்துவிடலாம். ரயிலில் கழிவறைக்குப் போவதுதான் முடியாது. ஒருவர் போனால் இன்னொருவர் இரண்டு பைகளின் வாரையும் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு டீ வாங்குவதற்குக்கூட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பேருந்தில் போனால் எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். எங்கள் ஊரிலிருந்து யாராவது மது பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்ப்பதற்காக ஏறுகிற போலீஸ்காரர் நேராக எங்கள் பைகளிடம்தான் வருவார். பேருந்திலேயே நீளமான பைகள் அவைதான்.

"என்ன சார் இவ்ளோ நீளம்? எத்தனை பாட்டில்?"

"துப்பாக்கி சார். லைசென்ஸ் இருக்கு."

பேருந்து முழுக்கப் பேச்சு நின்றுவிடும். நாங்கள் இறங்கிக் காகிதங்களைக் காட்ட வேண்டும். பத்து நிமிடம் எல்லோரும் காத்திருப்பார்கள். திரும்ப ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வேறு இருக்கைக்கு மாறியிருப்பார். "பாட்டிலா இருந்தாக்கூட சீக்கிரம் விட்ருப்பாங்க வாத்தியாரே" என்பார் அவர். அதன் பிறகு முடிந்தவரை ரயிலிலேயே போனோம்.

அந்தக் கடைசிப் போட்டி திருச்சியில். காலை ரயிலில் கிளம்பினோம். திருவாரூர் வரைக்கும் அவர் நன்றாகத்தான் இருந்தார். தஞ்சாவூருக்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மதியம் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, சாப்பிட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குப் போனோம். மறுநாள் போட்டி, அன்று பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள்.

அவர் எனக்கு இடப்பக்கம் படுத்திருந்தார். சாதாரணமாக நிதானமாகச் சுடுகிறவர். அன்று அட்டையில் ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லோருக்கும்தான் வியர்த்தது, ஆனால் அவர் கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய்?"

"பல்லு வலி வாத்தியாரே. கடவாப் பல்லு. ரெண்டு நாளா வந்து வந்து போவுது."

"டாக்டர்கிட்ட போயிட்டு ரூமுக்குப் போலாமா?"

"நாளைக்கு சுட்டுட்டுப் பாத்துக்கலாம். இப்ப போயி ஊசி போட்டா வாய் கோணிக்கும்."

நானும் விட்டுவிட்டேன். பள்ளியில் ஒவ்வொரு ஆண்டும் முதலுதவி வகுப்பு எடுப்பவன் நான். மாரடைப்பு என்றால் வலி நெஞ்சில்தான் வர வேண்டும் என்பதில்லை, இடது கையில் வரலாம், தாடையில் வரலாம் என்று கரும்பலகையில் மனித உருவம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டுபவன். என் எதிரில் ஒருவர் வியர்த்துப்போய்த் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் காற்று எப்படி இருக்கும் என்று நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

விடியற்காலையில் அவர் சுபுஹு தொழுததைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். துண்டை விரித்து, வழக்கத்தைவிட மெதுவாகத் தொழுதார். எழுந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "வாத்தியாரே, மாரு அடைக்கிது" என்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் அவரைத் தோளில் சாய்த்துப் படியில் இறக்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"ரூமைப் பூட்டுனீங்களா?"

"பூட்டிட்டேன் பாய். வாங்க."

ஆட்டோவில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "ரெண்டும் உள்ளதானே இருக்கு? தனியா விட்டுட்டு இருந்துடாதீங்க" என்றார். பேசாதீங்க பாய் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தார்கள். நான் வெளியே நின்று, எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது அவருடைய ஜெபம் இல்லை என்பது சொல்லும்போதே உறுத்திக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குச் சற்று முன்னால் மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண்.

"காப்பாத்த முடியலைங்க. நேத்து ஏதாவது வலின்னு சொன்னாரா?"

"பல்லு வலின்னார்."

அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். மகள்தான் போனை எடுத்தாள். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்பது நினைவில்லை. பின்னால் யாரோ அலறுவது கேட்டது. அவள் அழாமல், "வாப்பாவ இன்னிக்கே கொண்டு வந்துருங்க சார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்னு மாமா சொல்றாங்க. நீங்க கூட வர்றீங்கதானே?" என்று கேட்டாள்.

"வந்துடுறேன்மா" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொல்லும்போது லாட்ஜ் அறையின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அங்கே இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று இறந்துபோனவருடையது.

போட்டி நடத்துபவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்தேன். உடனே வந்தார். நல்ல மனிதர். என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "நீங்க அதைத் தொடாதீங்க சார், முதல்ல போலீஸுக்குச் சொல்லுங்க" என்றார். பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் பேசிய ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார். ஊர் எது, உரிமம் யார் பேரில், எத்தனை தோட்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "உரிமதாரர் உடனிருக்கும் வரைக்கும் அவர் துப்பாக்கிய நீங்க கையில வெச்சிருக்கலாம் சார். இப்ப அவர் இல்லையே. நீங்க எடுத்துக்கிட்டு ஸ்டேட்டத் தாண்டுனா அது வேற கேஸு."

"அவர் உடம்போடதான் போறேன் சார். ஒரே வண்டியில."

"புரியுது சார். ஆனா சட்டத்துக்கு அவர் உடனில்லை" என்றார் ஏட்டு.

அறையிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். காவல் இல்லாத லாட்ஜ் அறையில், ஆளில்லாத ஒரு துப்பாக்கியும் தோட்டாக்களும். மறுநாள் வந்து பார்க்கும்போது இல்லாமல் போயிருந்தால்? அரசு வேலையில் இருக்கிறவன் நான். வேலை போய்விடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆட்டோவில் அவர் சொன்னதற்காகத்தான் திருச்சியிலேயே இருந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

மருத்துவமனை ஊழியர் ஒருவர் சொல்லிப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து ஒருவர் வந்தார். மையத்து என்று சொல்லும் இறந்த உடல்களைக் குளிப்பாட்டுகிற வேலை அவருடையது. நான் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்கவில்லை. "நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் கூடப் போறேன். தனியா அனுப்பக் கூடாது" என்றார். போய்த் திரும்ப ஒரு நாள் ஆகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. யாரென்றே தெரியாத ஒருவர் அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் தெருவில் நின்றேன்.

லாட்ஜ் அறையிலிருந்து காவல் நிலையம்வரை துப்பாக்கியைக் கொண்டு வருவதற்கே ஒரு போலீஸ்காரர் துணைக்கு வந்தார். நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இல்லை. யாரோ அமைச்சர் வருகிறார் என்று பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அவர் வராமல் ஆயுதத்தை ஒப்படைப்பில் எடுத்துக்கொள்ள முடியாது என்றார் எழுத்தர். சுவரோரம் இருந்த பெஞ்சில் இரண்டு நீளப் பைகளையும் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கழிவறைக்குப் போக வேண்டும் என்றேன். "ஒப்படைக்கிற வரைக்கும் அது உங்க பொறுப்பு சார், தூக்கிக்கிட்டே போங்க" என்றார் எழுத்தர். இரண்டையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு போனேன். கதவு சாத்தவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை.

ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக டிரைவர் போன் செய்தார். அதற்குச் சில நிமிடங்கள் கழித்து மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், நீங்க எங்க?"

"திருச்சிலதான்மா. ஸ்டேஷன்ல. துப்பாக்கிய ஒப்படைக்காம..."

அவள் போனை வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டரை மணிக்கு வந்தார். களைத்துப் போயிருந்தார். காத்திருக்க வைத்ததற்கு வருத்தம் தெரிவித்தார். இறப்புச் சான்றிதழின் நகல், பாயுடைய உரிமம், என்னுடைய வாக்குமூலம் எல்லாம் வாங்கிக்கொண்டார். தோட்டாக்களை மேசையில் வரிசையாக வைத்து எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக வரவில்லை. முந்தின நாள் பயிற்சியில் சுட்டவற்றின் கணக்கைச் சுடுதளத்திலிருந்து கேட்டு வாங்கிய பிறகுதான் சரியாயிற்று. ரசீது என் கைக்கு வந்தபோது நாலே கால். ஊரில் அசர் தொழுகை முடிந்திருக்கும். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னுடைய துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மச்சான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குறை எதுவும் சொல்லவில்லை. மையவாடிக்குக் கூட்டிப் போய் அடக்கம் செய்த இடத்தை, ஈரம் காயாத கபரைக் காட்டினார். திரும்பி வந்தபோது மகள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரோ ஒருத்தரு கூட வந்தாங்க சார். பேரு கேட்டா பேரு என்னத்துக்குன்னுட்டாங்க. ஜனாஸா தொழுது, மண்ணு அள்ளிப் போட்டுட்டுத்தான் போனாங்க. நீங்க எங்க இருந்தீங்க? அந்த இரும்புக்குக் காவலா?"

"சட்டம் அப்பிடிம்மா..."

"சட்டம் எனக்குத் தெரியும் சார். நீங்க வந்துடுறேன்னு சொன்னீங்க."

அவளுக்குப் பின்னால் உள் கதவில் திரை தொங்கியது. அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அவர் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மகள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

"கடைசில கலிமா சொன்னாங்களான்னு உம்மா கேக்குறாங்க."

உயிர் பிரியும்போது சொல்கிற இறைவாசகம் அது. கடைசியாக அவர் சொன்னது துப்பாக்கிகளைப் பற்றி என்று எனக்குத் தெரியும். அதை அந்தத் திரைக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

"உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சும்மா" என்றேன். அது பொய் இல்லை. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

துப்பாக்கி திருச்சியிலேயே கிடந்தது. அதை மீட்டு என்ன செய்வது என்பதற்கு அந்த வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததால் நானே அலைந்தேன். எங்கள் ஆட்சியர் அலுவலகத்தில், ஆயுதம் தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கே கேளுங்கள் என்றார்கள். திருச்சியில், உரிமம் கொடுத்தது உங்கள் ஊர் என்பதால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் யாரும் தவறாகப் பேசவில்லை. இரண்டு பக்கமும் விதியைத்தான் சொன்னார்கள். முன்பு உட்கார்ந்த அதே பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்தேன். அங்கே இருந்த குமாஸ்தா ஒரு நாள், "எங்க சார் இன்னொருத்தரு?" என்று சாதாரணமாகக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

சான்று கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. திருச்சியில் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வாரிசு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தாயின் ஒப்புதல் கடிதத்தோடு மகள்தான் வந்தாள். காலை ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து போனோம். நாகப்பட்டினம்வரை இருவரும் ஜன்னலைத்தான் பார்த்தோம். வயல்களில் நாற்று விட்டிருந்தார்கள்.

திருவாரூரில் வண்டி வெகு நேரம் நின்றது. அங்கேதான் அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

"முந்தின நாளு வாப்பா எப்படி இருந்தாங்க? சுட்டாங்களா?"

நன்றாகச் சுட்டார் என்று சொல்லிவிடலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாளோ என்னவோ. ஐந்து மாதமாக நான் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், என் மனைவியிடம்கூட.

"நல்லா சுடலைம்மா. வேர்த்து ஊத்துச்சு. தாடையப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பல்லு வலின்னார். அது என்ன வலின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். புள்ளைங்களுக்குப் பாடமே எடுக்கறவன் நான். அன்னிக்கு சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா..."

வண்டி நகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்தேன். அவள் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாங்க" என்றாள். "அன்னிக்கு சாயங்காலம் மக்ரிபு தொழுகைக்கு அப்பறம் போன் போட்டாங்க. பல்லு வலிக்குதும்மான்னாங்க. கிராம்பு வாங்கி வெச்சுக்குங்க வாப்பான்னேன். வேல இருந்துச்சு. அதுக்கு மேல கேக்கல."

தஞ்சாவூரில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

காவல் நிலையத்தில் வேறு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பையைத் திறந்து ரைபிளை மேசைமேல் வைத்தார்கள். ஐந்து மாதம் எண்ணெய் காணாமல் குழாயில் அங்கங்கே செம்புள்ளி விழுந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அதைத் துடைத்து வைப்பார். மகள் அதைத் தொடவில்லை. பையின் பக்கவாட்டு அறையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்றார் எழுத்தர். ஒரு தொப்பியும், லாட்ஜில் அவர் தொழுதபோது விரித்த துண்டும் இருந்தன. அன்று காலை அவசரத்தில் நான்தான் திணித்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. அவள் இரண்டையும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நாலைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைக்காரரின் ஆள் தன்னுடைய காகிதங்களைக் காட்டிவிட்டு ரைபிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஸ்கூட்டரின் முன்னால் குறுக்கே வைத்துக் கட்டினார். தெருமுனையில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மாலை ஆகியிருந்தது. இத்தா முடிந்திருந்தாலும் அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினார். குரலை இப்போதுதான் சரியாகக் கேட்டேன்.

"ஒப்படைச்சாச்சா?"

"ஆச்சும்மா. கடைக்காரர் எடுத்துக்கிட்டார்."

"அதுல தோட்டா எதுவும் இருக்காதே?"

"இல்லம்மா. அது எப்பவுமே காலியாத்தான் இருக்கும். பயணத்துல போல்ட்டையே கழட்டி வெச்சிருப்போம்."

"தெரியாது" என்றார். "இத்தன வருஷமும் அது கட்டிலுக்குக் கீழதான் கெடந்துச்சு. நான் தூங்குனதே இல்ல. அவங்ககிட்ட சொல்லல."

உரிமம், எல்லை, சோதனைச் சாவடி என்று எத்தனையோ பேரிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறோம் நாங்கள் இருவரும். அந்த வீட்டுக்குள் ஒருத்திக்கு அதைத் திறந்து காட்ட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மகள் வாசல்வரை வந்தாள். "அலைஞ்சீங்க சார். இனிமே இதுக்காக நீங்க வர வேண்டியது இருக்காது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கோபம் இல்லை. நான் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. எப்போதாவது கடைத்தெருவில் அவளைப் பார்ப்பேன். கல்லூரியிலிருந்து வரும் பேருந்திலிருந்து இறங்கிப் போவாள். என்னைக் கண்டால் நின்று, "நல்லா இருக்கீங்களா சார்?" என்பாள். நல்லா இருக்கேம்மா என்பேன். உம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பேன். இருக்காங்க என்பாள். ஒரு நிமிடம் இருவரும் நிற்போம். அவள் போவாள்.